புனா உத்தியோகம்

என் கதைகளை வாங்கிப் போடும் பத்திரிகாசிரியர் ஒருவருக்கு வெகு நாளாக ஓர் ஆச்சரியம். என் கையெழுத்துப் பிரதிகளில் அடித்தல் திருத்தல் இருப்பதில்லை. "மனசிலேயே எழுதி முடித்துவிட்டு அப்புறம்தான் காகிதத்தைத் தொடுவீர்களோ?" என்று ஒரு தடவை கேட்டார். அப்படிப் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. ஹைஸ்கூலில் படிக்கிறபோதே என்னை மிலிடரி அக்கவுண்ட்ஸ் குமாஸ்தா வேலைக்குத் தயார் செய்தார்கள், அந்தப் பழக்கம்தான் என்றேன். அவர் சிரித்தார். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. ஒரு பக்கத்தில் ஒரு தப்பு விழுந்தால் முழுப் பக்கத்தையும் மறுபடி அடிக்க வேண்டும் என்று 1942-இல் எனக்கு நிஜமாகவே கற்றுக்கொடுத்தார்கள். அந்த வருஷங்களில் கற்றுக்கொண்டவை வேறு சிலவும் உண்டு. அவற்றை நான் இதுவரை எழுதியதில்லை.

யுத்த காலத்தில் தஞ்சாவூர் ஜில்லாவில் வளர்ந்தவர்களிடம் "புனா வேலை" என்றால் போதும், விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ராணுவத்தின் சம்பளம், படி, செலவுகளையெல்லாம் கணக்குப் பார்ப்பதற்கு மிலிடரி அக்கவுண்ட்ஸ் என்று ஓர் இலாகா இருந்தது. 1951-இல் அதற்குப் பாதுகாப்புக் கணக்கு இலாகா என்று பெயர் மாறிற்று. அதன் பெரிய ஆபீஸ்கள் புனாவில் இருந்தன. 1939-இல் யுத்தம் ஆரம்பித்தபோது இந்தியப் படையில் இருந்தவர்கள் ஏறக்குறைய 2 லட்சம் பேர். 1945-இல் அது முடிகிறபோது 25 லட்சம். அத்தனை பேருக்கும் மாசம் பிறந்தால் சம்பளம் போட வேண்டும். அவர்கள் வீட்டுக்கு அனுப்பச் சொன்ன பணத்தைப் பிடித்து அனுப்ப வேண்டும். லீவு, ரயில் சீட்டு, உடுப்பு, எல்லாவற்றுக்கும் கணக்கு எழுத வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பையன்கள் கூட்டம் கூட்டமாகச் சென்னைக்குப் போய், சென்ட்ரலில் ரயில் ஏறி, குண்டக்கல், ராய்ச்சூர், சோலாப்பூர் என்று கேள்விப்படாத ஊர்களையெல்லாம் தாண்டிப் புனாவில் போய் இறங்கினார்கள்.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு எழுந்தது 1942 பொங்கலுக்கு. நான் கும்பகோணத்தில் ஐந்தாவது பாரம் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு ஒரு நெல் மண்டியில் கணக்குப்பிள்ளை வேலை, மாசம் 35 ரூபாய். அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடன் குட்டி போட்டுக்கொண்டு நின்றது. அந்தப் பொங்கலுக்கு எங்கள் தெருப் பிள்ளை ஒருவன் புனாவிலிருந்து லீவில் வந்தான். கம்பளிக் கோட்டு, கைக் கடிகாரம், பச்சை வர்ணம் அடித்த டிரங்குப் பெட்டி. பெட்டியின் மேல் வெள்ளை எழுத்தில் அவன் பெயர். தை மாச வெயிலில் அவன் அந்தக் கோட்டைக் கழற்றவே இல்லை.

"எஸ்.எஸ்.எல்.சி. மாத்திரம் போதாது, மாமா" என்று எங்கள் திண்ணையில் உட்கார்ந்து அப்பாவிடம் சொன்னான். "டைப் அடிக்கத் தெரியணும். கூட்டல்லே கை ஓடணும். ரெண்டு வார்த்தை ஹிந்தி தெரிஞ்சா இன்னும் நல்லது. பதினெட்டு வயசு ஆகணும், அவ்வளவுதான்."

எனக்குப் பதினைந்து முடிந்திருந்தது. அப்பா விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். "இன்னும் மூணு வருஷம். அதுவரைக்கும் சண்டை நடக்குமா?" என்றார்.

"நடக்கும், மாமா. இப்பத்தானே ஜப்பான்காரன் வந்திருக்கான்!"

அப்பாவின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். அப்போது எனக்கு அதில் ஒன்றும் தவறாகப் படவில்லை.

மறுநாளே தயாரிப்பு ஆரம்பமாயிற்று. கூட்டலுக்கு அப்பாவே வாத்தியார். மண்டியிலிருந்து வந்து, கை கால் கழுவிக்கொண்டு, அரிக்கேன் விளக்கடியில் என்னை உட்கார வைப்பார். பழைய சிட்டைகளின் பின்பக்கத்தில் நாற்பது வரிக்கு ரூபாய், அணா, பைசா என்று மூன்று பத்தி எழுதித் தருவார். பன்னிரண்டு பைசா ஓர் அணா, பதினாறு அணா ஒரு ரூபாய் என்றிருந்த காலம் அது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கூட்டலின் கொடுமை புரியாது. பைசாப் பத்தியைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, மீதியை எழுதி, ஈவை அணாவுக்குக் கொண்டுபோய், அதைக் கூட்டிப் பதினாறால் வகுக்க வேண்டும். வாய் முணுமுணுக்கக் கூடாது. விரல் மடக்கக் கூடாது. பேனா முனை பத்தியில் மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு வந்து அடியில் நிற்கும்போது விடை நிற்க வேண்டும். ஒரு பைசா தப்பினால், "இந்த ஒரு பைசாவுக்காக முதலாளி என்னை ராத்திரி முழுக்க உட்கார வைப்பார், தெரியுமா?" என்பார்.

ஹிந்திக்கு மாலையில் ஒரு பிரசார சபை வகுப்பு. பிராத்மிக் பரீட்சை தேறினேன். என் பெயர் என்ன, என் ஊர் எது, இது மாம்பழம் என்ற மூன்றும் பிழையில்லாமல் சொல்வேன். புனாவில் மராத்தி பேசுவார்கள் என்பது பிற்பாடுதான் எங்களுக்குத் தெரிந்தது. தேகப் பரிட்சையில் மார்பை அளப்பார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டதால் காலையில் தண்டால் வேறு. குமாஸ்தாவுக்கு மார்பு எதற்கு என்று அம்மா கேட்டாள். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. ஆனால் அம்மாவும் தன் பங்குக்கு ஒன்று செய்தாள். வடக்கே அரிசி கிடைக்காதாமே என்று சப்பாத்தி செய்யக் கற்றுக்கொண்டு, வெள்ளிக்கிழமை தவறாமல் எனக்குப் போட்டாள். குழந்தை போன இடத்தில் பட்டினி கிடக்கக் கூடாது அல்லவா? அந்தச் சப்பாத்தியைப் பிய்ப்பதற்குத் தண்டால் கொஞ்சம் உதவிற்று. பிறகு ரேஷன் வந்து, கோதுமையை வைத்துக்கொண்டு தெருவே விழித்தபோது, சப்பாத்தி செய்யத் தெரிந்தவள் என்று அம்மாவிடம் பாடம் கேட்க நாலு பேர் வந்தார்கள்.

டைப்ரைட்டிங்தான் பெரிய படிப்பு. பெரிய கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இன்ஸ்டிட்யூட். கீழே பித்தளைக் குடத்தைத் தட்டுவார்கள்; மேலே நாங்கள் தட்டுவோம். மாசம் 3 ரூபாய் சம்பளம். மொத்தம் நாலு மிஷின். இரண்டு ரெமிங்டன், ஓர் அண்டர்வுட். நாலாவதற்குப் பெயர் அழிந்துவிட்டது. அதில் 'இ' எழுத்து மட்டும் அரை அங்குலம் துள்ளி விழும். புதிதாகச் சேர்ந்தவனுக்கு அந்த மிஷின்தான். ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப் என்று இடது கை. அரைப்புள்ளி, எல், கே, ஜே, எச், ஜே என்று வலது கை. இதையே ஒரு மாசம் அடித்தேன். சாப்பிடும்போதும் தொடையில் விரல்கள் தாளம் போடும். கையைப் பார்த்து அடிக்கக் கூடாது என்று வாத்தியார் விசைகளுக்கு மேலே ஓர் அட்டையைக் கட்டிவிடுவார். யுத்தத்தினால் ரிப்பனுக்கும் காகிதத்துக்கும் பஞ்சம். ஒரே தாளில் முன்பக்கம், பின்பக்கம், பிறகு குறுக்கே என்று அடிப்போம். எழுத்தே தெரியாது, பள்ளம்தான் தெரியும். வாத்தியார் தாளை வெளிச்சத்தில் சாய்த்து, பள்ளத்தை வைத்தே தப்பைக் கண்டுபிடித்துவிடுவார்.

அவர் முதல் யுத்தத்தில் மெசபொடேமியாவுக்குப் போனவர். 1917-இல் பாஸ்ராவில் ராணுவ ஆபீஸ் ஒன்றில் டைப்பிஸ்ட். அங்கே அடித்த கடிதங்களின் நகல்கள் ஒரு கட்டு அவரிடம் இருந்தது. பழுப்பேறிய தாள்கள். பாடப் புத்தகத்தைவிட அவருக்கு அதில்தான் நம்பிக்கை. "மிலிடரிக்குப் போறவன் மிலிடரிக் கடுதாசியை அடிச்சுப் பழகணும்" என்பார். இத்தனை மூட்டை மாவு அனுப்புக என்று ஒரு கடிதம். கோவேறு கழுதை ஒன்று இறந்ததற்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம். இவற்றோடு, இன்ன நம்பர் சிப்பாய் இன்ன தேதி முதல் காணப்படவில்லை என்று தெரிவிக்க வருந்துகிறேன், மேல்விவரம் கிடைத்தவுடன் தெரிவிக்கப்படும் என்று ஒரு கடிதம். எனக்குப் பிடித்தது அதுதான். நீளம் சரியாக ஒரு நிமிஷம். கடினமான வார்த்தை இல்லை. லோயர் பரீட்சைக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை அடிக்க வேண்டும். என் வேகத்தை நான் அந்தக் கடிதத்தை வைத்துத்தான் அளந்துகொண்டேன். நூறு தடவையாவது அடித்திருப்பேன். 'வருந்துகிறேன்' என்ற இடத்தில் என் விரல்கள் தண்ணீர் மாதிரி ஓடும்.

1942 ஆகஸ்டில் பம்பாயில் தலைவர்களைக் கைது செய்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்திலும் வேலைநிறுத்தம் நடந்தது. என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் வாசலில் நின்று கோஷம் போட்டான், தோளில் தடியடி பட்டான், பள்ளிக்கூடத்தை விட்டே போனான். நான் ஊர்வலத்தின் பின்னால் இரண்டு தெரு நடந்தேன். மூன்றாவது தெருவில் இன்ஸ்டிட்யூட்டின் கொல்லைப்புற மாடிப்படி இருந்தது. அந்த மாசத்துச் சம்பளம் கட்டியாகிவிட்டது. ஏறிப் போய் அடித்தேன். கீழே "வெளியேறு" என்று கத்துவது கேட்டது. என் மிஷினின் மணியும் வரிக்கு ஒரு தரம் அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நாள் கழித்து அவனைக் காவேரிப் படித்துறையில் பார்த்தபோது எனக்கு முகத்தைத் தூக்க முடியவில்லை. "உனக்கு அப்பா இருக்கார், கடன் இருக்கு. எனக்கு ரெண்டும் இல்லே. அதனாலே எனக்குச் சௌகரியம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த வருஷம் தீபாவளி கழித்து ஒரு நாள் காலை, தெருக்கோடி இட்லிக்கடை அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். சொந்த அத்தை இல்லை. தெருவிலுள்ள பிள்ளைகள் எல்லாருக்கும் அவள் அத்தை. இளம் வயசிலேயே புருஷனை இழந்து, இட்லி சுட்டு ஒரே பிள்ளையை வளர்த்தவள். அந்தப் பிள்ளை யுத்தம் ஆரம்பித்த வருஷம் பெங்களூருக்குப் போய் சாப்பர் படையில் சேர்ந்து, மலேயாவுக்குக் கப்பல் ஏறியிருந்தான். 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்த பிறகு அவனிடமிருந்து கடிதம் இல்லை. அன்று சிங்கப்பூரில் அகப்பட்ட இந்தியச் சிப்பாய்கள் 40,000-க்கு மேல் என்று பிற்பாடு படித்தேன். அத்தைக்கு அவர்களில் ஒருவனைத்தான் தெரியும்.

கையில் ஒரு பழுப்புக் கவர். "தம்பி, நீதான் மிலிடரி இங்கிலீஸ் படிக்கிறியாமே. இதைப் படிச்சுச் சொல்லு" என்றாள்.

பிரித்தேன். முதல் வரியைப் பார்த்ததும் எனக்கு அடிவயிறு சில்லிட்டது. அது என் கடிதம். பாஸ்ராவில் வாத்தியார் அடித்தது; நான் நூறு தடவை அடித்தது. இருபத்தைந்து வருஷத்தில் இரண்டு மூன்று வார்த்தைதான் மாறியிருந்தது. நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் நம்பர். தேதி இருக்க வேண்டிய இடத்தில் தேதி. ஒரு தப்பு இல்லை, ஓர் இடத்தில் ரப்பர் போட்ட அடையாளம் இல்லை. அடித்தவன் கெட்டிக்காரன் என்று என் கண் தன்னாலே மதிப்புப் போட்டுவிட்டது. அதற்காக நான் இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

"என்ன தம்பி போட்டிருக்கு?"

"உங்க பிள்ளையைக் காணோம்னு போட்டிருக்கு, அத்தை. தகவல் கிடைச்சா எழுதுவாங்களாம்."

அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தாள். "காணோம்னா தேடணுமே. தேடுறாங்களாமா?" என்றாள்.

கடிதத்தை மேலிருந்து கீழே இன்னொரு தடவை பார்த்தேன். தேடுவதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. நூறு தடவை அடித்தவனுக்கு அது இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. "தேடுறாங்களாம், அத்தை" என்றேன். நான் முதல் முதலாகச் சொந்தமாகச் சேர்த்த வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அன்று மாலை வாத்தியாரிடம் விஷயத்தைச் சொல்லி, பெங்களூரில் இருந்த அந்தப் படையின் ரிக்கார்டு ஆபீசுக்கு அத்தை பெயரில் ஒரு கடிதம் அடிக்க அனுமதி கேட்டேன். அவர் பெட்டியிலிருந்து இருபக்கமும் வெள்ளையான ஒரு தாள் எடுத்துக் கொடுத்தார். நல்ல மிஷினில் உட்காரச் சொன்னார். நான் அடித்து முடித்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். ஒரு பிழையும் இல்லை. இருந்தும் தாளைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"பாஸ்ராவிலே நான் இந்தக் கடுதாசி முந்நூறு நானூறு அடிச்சிருப்பேன்" என்றார். "இந்தப் பக்கம் யாரு படிச்சுச் சொல்லுவாங்கன்னு ஒரு நாளும் நினைச்சதில்லை."

பெங்களூரிலிருந்து மரியாதையாகப் பதில் வந்தது. மேல்விவரம் எதுவும் இல்லை, கிடைத்தவுடன் தெரிவிக்கப்படும். நான் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எழுதினேன். அவர்களும் தவறாமல் அதே பதிலை எழுதினார்கள். ஆனால் அத்தைக்கு வரவேண்டிய 12 ரூபாய் மணியார்டர் மாத்திரம் நிற்கவில்லை. பிள்ளை போகும்போது தாய்க்கென்று எழுதிவைத்துவிட்டுப் போன பணம். "ஆளு இல்லாட்டி சர்க்கார் பணம் அனுப்புமா, தம்பி?" என்று கேட்பாள். வாத்தியாரைக் கேட்டேன். "கணக்கிலே பேரு இருக்கிற வரைக்கும் பணம் வரும். காணோம்கிறவனைக் கணக்கிலேருந்து எடுக்க முடியாது" என்றார். இதில் நான் முதல் பாதியை மட்டும் அத்தையிடம் போய்ச் சொன்னேன். தபால்காரன் வருகிற தேதியில் அவள் கடையைச் சீக்கிரம் கட்டிவிட்டு வாசலில் நிற்பாள். அவள் நின்றது பணத்துக்காக இல்லை என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

1943-இல் எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன். டைப்ரைட்டிங் லோயரும் தேறினேன். பரீட்சைக்கு மிஷினை ஒற்றை மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றிக்கொண்டு, குழந்தையைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு போனேன். வயசுதான் ஆகவில்லை. சும்மா இருப்பானேன் என்று அப்பா என்னைக் கும்பகோணம் காலேஜில் இண்டர்மீடியட்டில் சேர்த்தார். இன்னும் கொஞ்சம் கடன். என் காலேஜ் படிப்பு, யுத்தம் என்னை எடுத்துக்கொள்ளும்வரை காத்திருந்த இடம்தான். அங்கே நான் நாவல்கள் படிக்க ஆரம்பித்தது யாரும் திட்டமிடாத காரியம்.

இந்த இரண்டு வருஷத்தைப் பற்றித்தான் எழுதக் கூச்சமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் கெடுதல் நினைத்தவர்கள் அல்ல. அப்பா, எறும்புப் புற்றை மிதிக்காமல் தாண்டிப் போகிறவர். ஆனால் மண்டியில் ஹிந்து பத்திரிகை பார்த்துவிட்டு அவர் வீட்டுக்கு வருகிற முகத்தை வைத்தே நான் யுத்தத்தின் போக்கைச் சொல்லிவிடுவேன். 1943 பிப்ரவரியில் ஸ்டாலின்கிராடில் ஜெர்மானியர்கள் சரண் அடைந்தார்கள். "அப்ப சீக்கிரம் முடிஞ்சிடுமோ?" என்று கேட்டுவிட்டு அப்பா சாப்பிட உட்கார்ந்தார். 1944 ஜூனில் நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கின. அப்பா விரல் மடக்கினார். "இருந்தாலும் ஜப்பான் இருக்கு" என்று அம்மா தைரியம் சொன்னாள். ஜப்பான் என்பது எந்தத் திசையில் இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமைகளில் அம்மா கும்பேசுவரர் கோயிலுக்குப் போய் மங்களாம்பிகை சந்நிதியில் எனக்காக விளக்குப் போடுவாள். அத்தையும் அங்கேதான் போடுவாள். இருவரும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வருவார்கள். சண்டை முடிந்து பிள்ளை திரும்ப வேண்டும் என்று ஒருத்தி. சண்டை முடிவதற்குள் பிள்ளை போய்ச் சேர வேண்டும் என்று ஒருத்தி. ஒரே திரிநூல், ஒரே எண்ணெய்க் கிண்ணம். ஒரு நாள் அத்தை, "நீங்க என்ன வேண்டிக்கிட்டீங்க, அக்கா?" என்று கேட்டாளாம். அம்மா அதற்கப்புறம் சில வாரங்கள் தலைவலி என்று சொல்லிக் கோயிலுக்குப் போகவில்லை.

1945-இல் எனக்குப் பதினெட்டு முடிந்தது. இண்டர்மீடியட்டும் முடிந்தது. மே மாசம் ஜெர்மனி சரண் அடைந்துவிட்டது. அவசர அவசரமாகப் புனாவுக்கு மனுப் போட்டோம். செப்டம்பரில் நேரில் வரச் சொல்லி ஜூலைக் கடைசியில் பதில் வந்தது. அப்பா அதை மடித்து மண்டிச் சாவிக் கொத்தோடு மடியில் வைத்துக்கொண்டார். டிரங்குப் பெட்டி வாங்கி, பச்சை வர்ணம் அடித்து, திண்ணையில் காய வைத்திருந்தோம். ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஹிரோஷிமா. 9-ஆம் தேதி நாகசாகி. 15-ஆம் தேதி ஜப்பானும் விட்டுவிட்டது.

மறுநாள் காலை இட்லிக்கடை அத்தை தெருவிலுள்ள எல்லா வீட்டுக்கும் இலவசமாக இட்லி கொடுத்தாள். எங்கள் வீட்டுக்குத் தானே தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு வந்தாள். அப்பா திண்ணையில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி எழுதின காயிதம் எல்லாம் வீண் போகாது, அண்ணே. இனிமே கண்டுபிடிச்சிடுவாங்க" என்றாள்.

அவள் போன பிறகு யாரும் பேசவில்லை. அம்மா இலை போட்டாள். அப்பா ஓர் இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டு வெகு நேரம் இருந்தார். பிறகு, "அந்தப் பிள்ளை வந்துடுவான் இல்லே?" என்று என்னைக் கேட்டார். மூன்று வருஷத்தில் அவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. "வந்துடுவாம்ப்பா" என்றேன். அவர் சாப்பிட ஆரம்பித்தார்.

புனாவிலிருந்து, இனி ஆள் எடுப்பதற்கில்லை என்று இரண்டு வரியில் ஒரு கடிதம் வந்தது. எனக்கு வழி சொன்ன தெருப் பிள்ளையே அடுத்த வருஷம், ஆள் குறைப்பில் வேலை போய், அதே கோட்டோடு திரும்பி வந்தான். எங்கள் கடன் தீர இன்னும் ஏழு வருஷம் ஆயிற்று. அந்தப் பெட்டியில் நான் என் கதைகளின் நகல்களைப் போட்டு வைத்தேன்.

1946 ஜனவரியில் அத்தையின் பிள்ளை வந்தான். நியூகினிப் பக்கத்தில் ஏதோ ஒரு தீவில் ஜப்பான்காரர்கள் அவனை மூன்று வருஷத்துக்கு மேல் மூட்டை தூக்க வைத்திருந்தார்கள். அத்தைக்கே வாசலில் அவனை அடையாளம் தெரியவில்லை. ஐ.என்.ஏ.வில் இருந்தாயா, நேதாஜியைப் பார்த்தாயா என்று தெருப் பையன்கள் மொய்த்தார்கள். மூட்டை தூக்கினேன் என்று மட்டும் சொல்வான். அதில் யாருக்கும் ருசி இல்லை. நாலு நாளில் கலைந்துவிட்டார்கள்.

கைதியாக இருந்த காலத்துச் சம்பளம் அவனுக்குச் சேர வேண்டியிருந்தது. அதற்கு மனு எழுத எங்கள் வீட்டுக்கு வந்தான். அரிக்கேன் விளக்கடியில் அப்பாவும் நானும் உட்கார்ந்தோம். மூன்று வருஷம் ஏழு மாசம். மாசச் சம்பளம் இவ்வளவு. தினக் கணக்கில் நாலணா ஒரு படி. தாய்க்கு அனுப்பிய பணம் கழிவு. அப்பா பத்தி பிரித்து எழுதினார். நான் கூட்டினேன். வாய் முணுமுணுக்காமல், விரல் மடக்காமல். அப்பா சரிபார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். மறுநாள் இன்ஸ்டிட்யூட்டில் அதை அடித்தேன். வாத்தியார் இன்னொரு வெள்ளைத் தாள் தந்தார். மிலிடரி கணக்கில் நான் செய்த ஒரே வேலை அதுதான். செய்ததும் மேஜைக்கு இந்தப் பக்கமிருந்து.

சில மாசங்களில் பணம் வந்தது. நாங்கள் போட்ட தொகையைவிட நாலணா அதிகம். அத்தை சந்தோஷப்பட்டாள். அப்பாவுக்கு மட்டும் தூக்கம் போயிற்று. சர்க்கார் தப்பாகக் கொடுக்கலாம். தான் தப்பாகக் கூட்டியிருக்கக் கூடாது. மூன்று ராத்திரி உட்கார்ந்தார். மூன்றாம் ராத்திரி என்னை எழுப்பினார்.

"1944 லீப் வருஷம்டா! பிப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள். நாம இருபத்தெட்டுதான் போட்டிருக்கோம். எங்கேயோ இருக்கிற ஒரு குமாஸ்தாப் பையன் சரியாப் போட்டிருக்கான் பாரு" என்றார். குரலில் ஒரு சந்தோஷம். அந்தப் பையன் நானாக இருந்திருக்கலாம் என்று அவர் நினைத்தாரோ என்னவோ, என் முதுகில் ஒரு தடவை தட்டினார்.

காலையில் கடைக்குப் போய் அத்தையின் பிள்ளையிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் மாவுப் பாத்திரத்தைத் தூக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"ஆமாம், தம்பி" என்றான். "அன்னிக்கும் நான் அங்கேதானே இருந்தேன்."